பெண்களுக்கு வரும் புற்றுநோயும் பரம்பரையும்: குடும்பத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பப் படிவத்தில், "குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருந்ததா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான படிவங்களில் பெரும்பாலும் அந்த இடத்தில் "இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். சிலர் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்கள். உட்காரவைத்து, தேநீர் கொடுத்துப் பேசினால்தான் மெதுவாக வரும்: "வாப்பாவோட தங்கச்சி ஒருத்தங்க சின்ன வயசுலயே வயித்துல கட்டி வந்து மௌத்தாயிட்டாங்க. அது வேற, இது வேறதானே?"

அது வேறா, இரண்டும் ஒன்றா என்பதைப் பற்றியதுதான் இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருவதால் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதை மருத்துவரிடம் போவதற்கு முன் செய்யும் தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கர்ப்பப்பையில் புற்று" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியில் வருவது ஒன்று. கர்ப்பப்பையின் உட்சுவரில், மாதந்தோறும் உதிர்கிற அந்தப் படலத்தில் வருவது இன்னொன்று. சினைப்பையிலும் அதை ஒட்டிய கருக்குழாயிலும் வருவது மூன்றாவது. இருக்கும் இடம் பக்கத்தில் பக்கத்தில் என்றாலும், வரும் காரணம் வேறு வேறு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பரம்பரை நோய் என்று சொல்ல முடியாது. அது ஏறக்குறைய முழுவதும் எச்.பி.வி. என்ற வைரஸால் வருகிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானியரான ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டுப் பெண்களிடம் மார்பகப் புற்றுக்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது இதுதான். 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடலாம். பெரியவர்கள் பரிசோதனை செய்துகொண்டால், புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். இந்தத் தடுப்பூசி நமக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: மலேசியாவில் 2010 முதலே பள்ளிக்கூடங்களில் போட்டுவருகிறார்கள். உம்மாவுக்கு இந்த நோய் வந்தால் மகளுக்கும் வரும் என்று மகள் அஞ்ச வேண்டியதில்லை. மகளுக்கு வேண்டியது ஊசியும் பரிசோதனையும்தான். இதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

பரம்பரை என்ற பேச்சு மற்ற இரண்டில்தான் வருகிறது. அங்கும் எல்லாருக்கும் இல்லை. சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் பிறவியிலேயே வந்த மரபணு மாறுபாடு காரணமாக இருக்கிறது. கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றில் அது இன்னும் குறைவு. நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர். உடல் பருமன், நீண்டகாலச் சர்க்கரை, குழந்தை இல்லாமை போன்றவையே அங்கு பெரிய காரணங்கள். ஆனால் அந்தச் சிலரின் குடும்பங்களில் ஒருவரோடு நோய் நிற்பதில்லை. அதனால்தான் இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

மரபணு என்றால் என்ன? உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எழுதி வைத்திருக்கும் வேலைக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உம்மாவிடமிருந்து ஒரு பிரதி, வாப்பாவிடமிருந்து ஒரு பிரதி என ஒவ்வொரு குறிப்பும் இரண்டிரண்டாக இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது இந்தக் குறிப்பு முழுவதையும் புதிதாகப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது பிழை வரத்தான் செய்யும். பிழை பார்ப்பதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன.

இந்த இதழையே எடுத்துக்கொள்வோம். அச்சுக்குப் போகும் முன் இரண்டு பேர் பிழை திருத்துகிறார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துவிடுவார். ஒருவர் முதல் நாளிலிருந்தே வேலைக்கு வரவில்லை என்றாலும் இதழ் நின்றுவிடாது. மற்றவர் தனியாகப் பார்ப்பார். ஆனால் என்றைக்கு அவரும் படுத்துவிடுகிறாரோ அன்றிலிருந்து பிழைகள் தடையில்லாமல் அச்சாகும். பரம்பரை மாறுபாட்டோடு பிறந்தவரின் நிலையும் இதுதான். அவர் புற்றுநோயோடு பிறக்கவில்லை. ஒரு திருத்துநர் குறைவாகப் பிறந்திருக்கிறார். பிறகு வாழ்நாளில் ஏதாவது ஒரு செல்லில் இரண்டாவது திருத்துநரும் கெட்டுப்போனால் அங்கே புற்று தொடங்க வழி ஏற்படுகிறது. மற்றவர்களுக்கு இரண்டுமே கெட வேண்டும். இவர்களுக்கு ஒன்று கெட்டால் போதும். பரம்பரைப் புற்றுநோய் இளம் வயதிலேயே வருவதற்கும், சிலருக்கு வராமலே போய்விடுவதற்கும் இதுதான் காரணம். அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 1971இல், குழந்தைகளின் கண்ணில் வரும் ஒரு புற்றுநோயை வைத்து இந்தக் கணக்கைச் சொன்னார்.

ஆனால் இந்தக் கணக்குக்கு வெகுகாலம் முன்பே, ஒரு தையற்காரப் பெண் இதைத் தெரிந்துவைத்திருந்தார். 1895ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்டிரட் வார்த்தின் என்று ஒரு நோய்க்கூறியல் மருத்துவர் இருந்தார். அவர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுத்துவந்த பௌலின் கிராஸ் ஒரு நாள் மனம் சோர்ந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்டார் மருத்துவர். "நான் சீக்கிரம் இறந்துவிடுவேன். என் வயிற்றிலோ குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வரும். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்" என்பது அந்தப் பெண்ணின் பதிலின் சாரம். அப்போது அவருக்கு எந்த நோயும் இல்லை.

வேறொருவராக இருந்தால், "வீண் பயம் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். வார்த்தின் உட்கார்ந்து கேட்டார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதத் தொடங்கினார். பௌலின் தம் உறவினர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டிக் கொடுத்தார். 1913இல் வார்த்தின் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். மருத்துவ நூல்கள் இன்றும் அதை "ஜி குடும்பம்" என்றே குறிப்பிடுகின்றன. அந்தப் பெண் தாம் சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயால் இளம் வயதில் இறந்தார்.

அந்தக் கட்டுரை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதைப் பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1962இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் மருத்துவர், குடிப்பழக்கத்தால் மருத்துவமனைக்கு வந்த ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்று கேட்டதற்கு, "எங்கள் குடும்பத்தில் எல்லாரும் குடல் புற்றில் சாகிறார்கள். நானும் அப்படித்தான் சாகப் போகிறேன்" என்ற பொருளில் பதில் வந்தது. லிஞ்ச் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார். ஆண்களிடமும் பெண்களிடமும் குடல் புற்று, பெண்களிடம் அதோடு கர்ப்பப்பை, சினைப்பைப் புற்று என்று ஒரே மாதிரியான வரிசை தெரிந்தது. 1966இல் அதை வெளியிட்டார். வார்த்தினின் பழைய ஜி குடும்பத்து ஏடுகளும் பிறகு அவர் கைக்கு வந்தன. 2000ஆவது ஆண்டில், அதாவது அந்தத் தையற்காரப் பெண் சொல்லி 105 ஆண்டுகள் கழித்து, ஜி குடும்பத்தில் மாறுபட்டிருந்த மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள். அது எம்.எஸ்.எச். 2 என்ற பிழைதிருத்தும் மரபணு.

இதைத்தான் இன்று லிஞ்ச் நோய்க்குறி என்கிறார்கள். எம்.எல்.எச். 1, எம்.எஸ்.எச். 2, எம்.எஸ்.எச். 6, பி.எம்.எஸ். 2 ஆகிய மரபணுக்களில் ஏதேனும் ஒன்றில் மாறுபாடு இருந்தால் இது வரும். எம்.எஸ்.எச். 2 மாறுபாடுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 75 வயதுக்குள் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று வரலாம் என்கிறார்கள். பி.எம்.எஸ். 2 என்றால் அது நூற்றுக்குப் பதின்மூன்று அளவுதான். ஆகவே "மாறுபாடு இருக்கிறது" என்று கேட்டதும் கலங்காமல், எந்த மரபணுவில் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது கூட்டம் பெயரால் இன்னும் பிரபலமானது: பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2. மேரி கிளேர் கிங் என்ற பெண் விஞ்ஞானி, மார்பகப் புற்று அதிகமுள்ள குடும்பங்களைப் பதினாறு பதினேழு ஆண்டுகள் ஆராய்ந்து, அதற்குக் காரணமான மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1990இல் காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ. 1 கைக்கு அகப்பட்டது. அடுத்த ஆண்டே 13ஆவது குரோமோசோமில் பி.ஆர்.சி.ஏ. 2 கண்டுபிடிக்கப்பட்டது. "மார்பக மரபணு" என்றே பெயர் விழுந்துவிட்டதால் சினைப்பையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, பி.ஆர்.சி.ஏ. 1 மாறுபாடு உள்ள நூறு பெண்களில் 44 பேருக்கும், பி.ஆர்.சி.ஏ. 2 உள்ள நூறு பேரில் 17 பேருக்கும் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்று வருகிறது. மார்பகப் புற்று இரண்டிலுமே 70 பேரளவில். மேலை நாடுகளில் சாதாரணப் பெண்ணுக்குச் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ராட் 51 சி, ராட் 51 டி, பிரிப் 1 என்று வேறு சில மரபணுக்களும் உண்டு. அவற்றின் ஆபத்து இவற்றைவிடக் குறைவு.

இது வெள்ளைக்காரர் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பிய வழி யூதர்களிடம் அதிகம் காணப்படுவதாகப் பெயர்பெற்ற ஒரு பி.ஆர்.சி.ஏ. 1 மாறுபாடு, தென்னிந்தியப் பெண்களிடையே நடந்து 2009இல் வெளியான ஆய்விலும் திரும்பத் திரும்பத் தென்பட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்கு வரும் நோய் என்பதால் எல்லாரும் உம்மா வழியையே பார்க்கிறார்கள். "எங்க உம்மா, பெரியும்மா, சாச்சி யாருக்கும் இல்லை" என்று நிம்மதி அடைகிறார்கள். இந்த மரபணுக்கள் ஆண், பெண் வேறுபாடு பார்க்கும் குரோமோசோமில் இல்லை. வாப்பாவிடம் மாறுபாடு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடந்துபோக இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. உம்மாவிடம் இருந்தாலும் அதே இரண்டில் ஒன்றுதான். வாப்பாவுக்குச் சினைப்பை கிடையாது. ஆகவே அவரிடம் அது சத்தமில்லாமல் இருக்கும். அவருடைய தங்கைக்கு வந்திருக்கும், அவருடைய உம்மாவுக்கு வந்திருக்கும், அவர் மகளுக்கு வரும். நடுவில் இருக்கும் அவர் திடகாத்திரமாக எழுபது வயதுவரை வாழ்ந்திருப்பார். மாமிக்கு வந்தது வேறு வீட்டுச் சங்கதி என்றுதான் நாம் நினைக்கிறோம். மகளைப் பொறுத்தவரை மாமியும் சாச்சியும் ஒரே தூரம்.

ஆண்களும் முழுக்கத் தப்பியவர்கள் அல்லர். பி.ஆர்.சி.ஏ. 2 மாறுபாடு உள்ள ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று, கணையப் புற்று, அரிதாக மார்பகப் புற்றும் வரலாம். லிஞ்ச் வகையில் குடல் புற்று ஆண்களுக்கும் வரும். ஆகவே ஒரு குடும்பத்தில் காக்காவுக்குக் குடலில் புற்று, தங்கைக்குக் கர்ப்பப்பையில் புற்று என்றால், இரண்டு வெவ்வேறு சோதனைகள் வந்ததாக நாம் நினைப்பது உண்மையில் ஒரே கயிற்றில் கட்டப்பட்டதாக இருக்கலாம்.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். மூன்று தலைமுறை எழுதுங்கள். உங்கள் உடன்பிறந்தோர், வாப்பாவும் உம்மாவும், அவர்களின் உடன்பிறந்தோர், இருபுறத்துப் பாட்டன் பாட்டியர். யாருக்குப் புற்று வந்தது, எந்த உறுப்பில், எந்த வயதில். வயதுதான் இதில் மிக முக்கியம். 78 வயதில் வந்த ஒருவரைவிட 38 வயதில் வந்தவர் மருத்துவருக்கு அதிகம் சொல்கிறார். பழைய காலத்தில் நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு மௌத்தானாங்க", "உதிரம் நிக்கல", "கட்டி இருந்துச்சு" என்றுதான் வீட்டில் உள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் கோத்தது ஈரலாலும் இருக்கலாம், சினைப்பையாலும் இருக்கலாம். முடிவுகட்டுவது மருத்துவர் வேலை. மெஹ்ரான், மையத்து வீடு என்று உறவினர் கூடும் இடங்களில் பாட்டிமார்களைப் பேசவிட்டால் இந்த விவரங்கள் தானாக வரும். அவர்கள் காலத்தோடு போய்விட்டால் பிறகு கேட்க ஆள் இல்லை.

ஐம்பது வயதுக்குள் மார்பகம், கர்ப்பப்பை, குடல் ஆகியவற்றில் ஒன்றில் புற்று வந்தவர் இருந்தாலோ, ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தாலோ, ஒரே பெண்ணுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் வந்திருந்தாலோ, ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்று வந்திருந்தாலோ அந்தத் தாளை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சினைப்பைப் புற்று மட்டும் இதில் விலக்கு. பெரும்பாலான சினைப்பைப் புற்று வகையில், குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாவிட்டாலும், எந்த வயதில் வந்திருந்தாலும், மரபணுப் பரிசோதனை செய்யலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். பிள்ளைகள் குறைந்த குடும்பத்தில், அல்லது ஆண்களே அதிகம் பிறந்த குடும்பத்தில் மாறுபாடு மறைந்தே கிடக்கும் என்பதுதான் காரணம்.

பரிசோதனை என்பது இரத்தத்திலோ உமிழ்நீரிலோ செய்வது. ஒரு காலத்தில் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் காப்புரிமையை அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் கையில் வைத்திருந்தது. இயற்கையில் உள்ள மரபணுவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல கூடங்கள் பரிசோதிக்கத் தொடங்கின, கட்டணமும் இறங்கியது. இறங்கியும் நம் ஏழை வீடுகளுக்கு அது பெரிய தொகைதான். அதனால் யாருக்கு முதலில் செய்வது என்ற ஒழுங்கு முக்கியம். நோய் வந்தவருக்கே முதலில் செய்ய வேண்டும். பயந்துபோன ஆரோக்கியமான மகளுக்கு முதலில் செய்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால், அந்தக் குடும்பத்தில் மாறுபாடே இல்லையா, இருந்தும் அவருக்கு வரவில்லையா என்று தெரியாது. நோயாளியிடம் இன்ன மாறுபாடு என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறையும், பதிலும் தெளிவாக இருக்கும். அதில் "இல்லை" என்று வந்த மகள் மற்றப் பெண்களைப் போலவே நிம்மதியாக இருக்கலாம்.

சில அறிக்கைகளில் "பொருள் உறுதியாகாத மாறுபாடு" என்று வரும். இதைப் பார்த்துக் கதிகலங்கி வருபவர்கள் உண்டு. எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் பொருள் மாறியதா என்று இன்னும் தெரியாது என்பதே அதன் பொருள். இவற்றில் பெரும்பாலானவை பிறகு தீங்கற்றவை என்றே முடிவாகின்றன. இதை வைத்து யாரும் அறுவைச் சிகிச்சைக்கு ஓட வேண்டாம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபணு ஆலோசகரிடம் பேசுவது அவசியம். அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அந்த வசதி உண்டு.

மாறுபாடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? "தெரிந்து என்ன ஆகப்போகிறது, தக்தீரில் உள்ளது நடக்கும்" என்பவர்கள் நம்மில் அதிகம். அவர்கள்தான் சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுகிறார்கள் என்பதையும் நான் பார்க்கிறேன். செய்வதற்கு இருக்கிறது என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சினைப்பையைப் பொறுத்தவரை ஓர் உண்மையைக் கசப்பானாலும் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஸ்கேனும் சி.ஏ. 125 என்ற இரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டால் தப்பிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பெண்களை வைத்துப் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அத்தகைய பரிசோதனைகளால் சினைப்பைப் புற்று இறப்புகள் குறையவில்லை. அந்த நோய் சத்தமில்லாமல் பரவிவிடுகிறது. அதனால் மாறுபாடு உறுதியான பெண்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்த பிறகு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடும்படி மருத்துவர்கள் சொல்கிறார்கள். பி.ஆர்.சி.ஏ. 1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள். இதனால் சினைப்பைப் புற்றின் ஆபத்து ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு குறைகிறது. இப்படி எடுத்த உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதுதான், சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பதே தெரியவந்தது.

இது சின்ன விஷயம் அல்ல. நாற்பது வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடும். உடம்பு கொதிக்கும், தூக்கம் போகும், எலும்பு பலம் குறையும், கணவன் மனைவி உறவிலும் சிரமம் வரும். இவற்றுக்கும் மருத்துவம் உண்டு. ஆனால் முடிவு அந்தப் பெண்ணுடையது. கணவரோ மாமியாரோ "எடு" என்றும் "எடுக்காதே" என்றும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. ஹாலிவுட் நடிகை ஆஞ்சலினா ஜோலியின் தாய் 2007இல் 56 வயதில் இந்தப் புற்றுக்குப் பலியானார். தமக்கும் பி.ஆர்.சி.ஏ. 1 மாறுபாடு இருப்பதை அறிந்து, 2013இல் மார்பகங்களையும் 2015இல் சினைப்பைகளையும் எடுத்துக்கொண்டதாக அவரே பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகு பல நாடுகளில் பரிசோதனைக்கு வரும் பெண்களின் எண்ணிக்கை கூடியது.

லிஞ்ச் வகை என்றால் இன்னும் வழிகள் உண்டு. கர்ப்பப்பைப் புற்று உதிரப்போக்கு மூலம் முன்கூட்டியே எச்சரிக்கும். மாதவிடாய் நின்றவருக்கு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு ஆறு மாதம் மறைத்த பிறகு வருபவர்களை நாங்கள் பார்க்கிறோம். ஒன்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை செய்தால், குடல் புற்று முற்றும் முன்பே கிடைக்கும். பிள்ளைப்பேறு முடிந்தபின் கர்ப்பப்பையை எடுப்பதும் ஒரு வழி. நோய் வந்துவிட்டவர்களுக்கும் மரபணு விவரம் வீண்போவதில்லை. பி.ஆர்.சி.ஏ. மாறுபாடுள்ள சினைப்பைப் புற்றுக்கு 2014 முதல் ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் வந்துள்ளன.

நம் குடும்பங்களில் மாமன் மகள், மாமி மகன் என்று உறவுக்குள் நிக்காஹ் செய்வது வழக்கம். அதனால்தான் இந்த நோய் வருகிறதா என்று கேட்கிறார்கள். இல்லை. இதற்கு ஒரு பிரதி கெட்டாலே போதும், எனவே அந்நியத்தில் மணந்தாலும் வரும். ஆனால் மாறுபாடுள்ள ஒரே குடும்பத்திலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து, இருவரிடமும் அது இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டதாகப் போய்ச்சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் ஃபான்கோனி இரத்தசோகை என்ற கடும் நோயும், லிஞ்ச் மரபணுக்கள் என்றால் குழந்தைப் பருவத்திலேயே மூளையிலும் இரத்தத்திலும் குடலிலும் புற்றும் வரலாம். மாறுபாடு உள்ளது என்று தெரிந்த குடும்பங்கள் உறவுக்குள் சம்பந்தம் பேசும் முன் மரபணு ஆலோசகரிடம் ஒரு நடை போய்வருவது நல்லது.

சம்பந்தம் என்றதும் உண்மையான தடை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. படிவத்தில் "இல்லை" என்று எழுதவைப்பது அறியாமை அன்று, பயம். "வீட்டில் மூன்று குமரு இருக்கு. உம்மாவுக்குப் புற்று என்று வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" இந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது நடக்கவும் செய்கிறது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரியுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நோயாளியின் இரகசியம் அமானிதம், காக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரிடம் மறைப்பது வேறு, பெற்ற மகளிடம் மறைப்பது வேறு. உம்மாவுக்கு என்ன நோய் என்பதே தெரியாமல் இருபத்தெட்டு வயது மகள், அதே உம்மாவை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்புகிறாள். கொழுந்தனார், நாத்தனார், மருத்துவமனை வாட்ச்மேன் வரை தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. மௌத்தானவர்களின் நோயைப் பேசுவது புறம் பேசுவதாகாதா என்று கேட்டவர்களும் உண்டு. மதரஸாவில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் சிகிச்சைக்காக மருத்துவரிடம் தேவையான உண்மையைச் சொல்வது அதில் சேராது.

வயது வந்த பிள்ளைகளுக்கு, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, சொல்லிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கு இப்போதே பரிசோதனை தேவையில்லை. பி.ஆர்.சி.ஏ., லிஞ்ச் இரண்டிலும் பிள்ளைகள் வளர்ந்து தாமே முடிவெடுக்கும் வயதில் செய்துகொண்டால் போதும்.

கடைசியாக, அறுவைச் சிகிச்சை நடந்த வீட்டார் கவனிக்க வேண்டிய ஒன்று. வெட்டியெடுத்த சதையில் ஒரு பகுதியை மெழுகுக் கட்டியில் பதித்து மருத்துவமனையின் நோய்க்கூறியல் பிரிவில் வைத்திருப்பார்கள். கர்ப்பப்பைப் புற்று என்றால், பிழைதிருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று அந்தக் கட்டியிலேயே சாயம் ஏற்றிப் பார்க்கலாம். லிஞ்ச் வகையா என்பதற்கு முதல் தடயம் அங்கேயே கிடைக்கும். முழு மரபணுப் பரிசோதனையைவிடச் செலவும் குறைவு. நோயாளி இறந்த பிறகும் அந்தக் கட்டி பேசும். ஆனால் மருத்துவமனைகள் அதைக் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டா. டிஸ்சார்ஜ் சீட்டு, பயாப்சி அறிக்கை ஆகியவற்றோடு மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கி, வெயில் படாத இடத்தில், நோயாளியின் பெயரும் தேதியும் எழுதிப் பத்திரமாக வையுங்கள். குடும்பத் தாளை எப்படி எழுதுவது என்று புரியாதவர்கள், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பெண்கள் பேசுவதற்கு மகளிர் பிரிவுச் சகோதரிகள் இருக்கிறார்கள். எழுதிய தாள் உங்கள் கையிலேயே இருக்கும். நாங்கள் நகல் எடுத்துக்கொள்வதில்லை.